அஞ்சலையின் டியூபில் என் ரத்தம்

மகனே,

நேற்று மதியம் நீ போனில் கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நம் வீட்டில் பார்க்கலாம் என்றால் சரி என்றுதான் பொருள். சைக்கிள் கேட்டபோது பார்க்கலாம் என்றேன், நர்சிங் படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோதும் அதையேதான் சொன்னேன். இரண்டும் நடந்தன. இதுவும் நடந்துவிடும் என்று இந்நேரம் நீ பெட்டி வாங்கக் கிளம்பியிருப்பாய். கொஞ்சம் பொறு. இதையெல்லாம் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோபம் வரும், உங்கம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நீ கேட்டது இதுதான். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போக வேண்டுமானால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டு உன் ரத்தத்தில் ஆன்டிபாடி உண்டாகியிருக்கிறது என்று காகிதம் காட்ட வேண்டும். காலேஜில் மூன்று ஊசி போட்டுக்கொண்டாய். சோதித்தார்கள், ஒன்றுமில்லை. திரும்பவும் மூன்று ஊசி போட்டார்கள். அப்போதும் ஒன்றுமில்லை. நோயும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. ஏஜென்சிக்காரன் இன்னும் ஒரே ஒரு முறை ரிப்போர்ட் அனுப்பச் சொல்லியிருக்கிறான். நீ எனக்கு போன் போட்டு, "ப்பா, ஒரே ஒரு டியூப்தான்ப்பா. உன் கையில எடுத்து என் பேரை ஒட்டி உங்க மெடிக்கல் சென்டர்லேர்ந்தே லேபுக்கு அனுப்பிடு. உன் ரத்தம்தானே என் ரத்தம்?" என்றாய். வசனம் நன்றாகத்தான் இருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே பலன் கிடைக்கிறது. யாரோ சிலர் உடம்பு மட்டும் எத்தனை போட்டாலும் கண்டுகொள்வதில்லை. அது உன் குற்றமும் இல்லை, ஊசியின் குற்றமும் இல்லை. ஆனால் இப்படி ஒரு குறுக்கு வழி உனக்குத் தோன்றியதற்கு நான்தான் காரணம். நீ ஆறாம் வகுப்பு படித்தபோது, உன் சித்தி கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு வேண்டும் என்று, உனக்கு டைபாய்டு காய்ச்சல் என மெடிக்கல் சென்டர் லெட்டர்பேடில் நானே எழுதிக் கொடுத்தேன். டீச்சர் நம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து "அப்பா, பேப்பர்ல எழுதினா காய்ச்சல் வந்துடுமா?" என்று கேட்டாய். நானும் உங்கம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

இனி அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன். இதை உங்கம்மாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. நீ பத்தாம் வகுப்பில் இருந்த வருடம், ஒரகடத்தில் நான் நர்ஸாக இருக்கிற கம்பெனியின் மெடிக்கல் சென்டருக்குத் துப்புரவு வேலைக்கு கான்ட்ராக்டில் வந்தவள் அஞ்சலை. படப்பைக்கு உள்ளே ஒரு கிராமம். புருஷன் மூர்த்தி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவள் தரை துடைத்தால் அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம். வாயும் லேசுப்பட்டதில்லை. நான் சிவப்புக் கழிவுப் பையில் போட வேண்டியதை மஞ்சள் பையில் போட்டுவிட்டால், "சார், நர்சு வேலைக்குப் படிச்சது நீங்களா நானா?" என்பாள். ஊசி, பஞ்சு, ரத்தம் பட்ட துணி என்று எல்லாக் கழிவையும் அவள்தான் அள்ளுகிறாள் என்பதால் அவளுக்கும் மூன்று ஊசி போட்டோம். நான்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிடுவாள்.

எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரு போர்டு உண்டு. மெடிக்கல் சென்டர் ஆட்கள் யார் யாருக்குத் தடுப்பூசி முடிந்தது, யார் யாருக்கு ஆன்டிபாடி வந்தது என்பதற்கும் ஒரு போர்டு. வந்திருந்தால் பச்சைக் காந்தம், வராவிட்டால் சிவப்பு. கஸ்டமர் ஆடிட்டுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வர இரண்டு நாள் இருந்தபோது ரிப்போர்ட் வந்தது. எல்லோருக்கும் பச்சை. எனக்கு ஆன்டிபாடி அளவு நல்ல எண். அஞ்சலைக்கு மட்டும் ஒன்றுமில்லை. எச்.ஆர். ஆள் வந்து போர்டைப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு ரெட்டு சார். அதான் கண்ணுல குத்துது. ரிப்பீட் அனுப்புங்க, இல்லேன்னா ஆளை மாத்துங்க" என்றான். மாற்றினால் அவளைப் பெயின்ட் ஷாப்பில் போடுவார்கள். அஞ்சலை என் பின்னாலேயே வந்து, "சார், அங்க நாத்தம் எனக்கு ஒத்துக்காது சார், ஏதாச்சும் பண்ணுங்க சார்" என்றாள். உண்மையில் செய்ய வேண்டியது மறுபடியும் மூன்று ஊசி. அதற்கு ஆறு மாதம் ஆகும். ஆடிட்டுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அவள் கையில் எடுக்க வேண்டிய ரத்தத்தை என் கையில் எடுத்தேன். ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கி, அவள் பெயரும் கேட் பாஸ் நம்பரும் எழுதிய டியூபில் நிரப்பினேன். அவளுக்கு உதவுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் போர்டு முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அதிகம். எனக்கு ரத்தம் மெதுவாகத்தான் வரும், உனக்குத் தெரியும், ரத்த தானம் செய்யப் போனால் பக்கத்தில் படுத்தவன் எழுந்து ஜூஸ் குடித்துவிட்டுப் போன பிறகும் நான் படுத்திருப்பேன். அன்றைக்கு அந்த டியூப் ஒரே மூச்சில் நிரம்பியது. யாரோ அந்தப் பக்கமிருந்து இழுத்த மாதிரி இருந்தது. அவசரமாக ஊசியை உருவிக்கொண்டேன்.

ரிப்போர்ட் வந்தது. என் எண்ணும் அவள் எண்ணும் புள்ளிக்கு அப்புறம்கூட ஒன்றாக இருந்தன. ஒரே ஆளின் ரத்தமாக இருந்தாலும் வேறு வேறு நாளில் எடுத்தால் கொஞ்சமாவது முன்னே பின்னே வரும். இதில் வரவில்லை. அஞ்சலை தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு சார்!" என்று சிரித்தாள். பாதுகாப்பு உண்டு என்று அடித்த கார்டை வாங்கி பாஸ் உறைக்குள்ளே செருகிக்கொண்டாள். எச்.ஆர். ஆள் எனக்குக் கை கொடுத்தான். நானும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன், உனக்குப் பரோட்டாகூட வாங்கிவந்தேன்.

அடுத்த வருடம், கம்பெனியில் எல்லோருக்கும் சர்க்கரை சோதனை செய்த நாளில், யாரோ ஊசியை டப்பாவில் போடாமல் பைக்குள் போட்டுவிட்டார்கள். பையைக் கட்டும்போது அவள் இடது கட்டைவிரலில் குத்திவிட்டது. காலை பத்து மணி இருக்கும். விரலைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். யாரைக் குத்திய ஊசி என்று கண்டுபிடிக்க வழியில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அவள் கார்டை எடுத்துக் காட்டி, "கார்டுலதான் கீதே சார். எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்றாள்.

மகனே, நீ நர்ஸ். எதிர்ப்பு இல்லாதவருக்கு ஊசி குத்திவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, எதிர்ப்பைத் தயாராகவே உடம்பில் ஏற்றிவிடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசி போட வேண்டும், முடிந்தால் ஒரு நாளுக்குள். எங்கள் ஆம்புலன்ஸ் வாசலில் சும்மா நின்றிருந்தது. டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம், அஞ்சலை, அந்தக் கார்டு பொய், ஏறு வண்டியில் என்று சொல்வதுதான். சொன்னால் என் வேலை போயிருக்கும். நான், "ஒண்ணும் ஆவாது, போய் டீ குடி" என்றேன். ரிஜிஸ்டரில் "தடுப்பூசி முழுமை, எதிர்ப்பு உண்டு, காயம் கழுவப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அன்று முழுக்க அவள் என் கண்ணெதிரே நடமாடினாள். அடுத்த நாளும் வந்தாள். ஒவ்வொரு மணிக்கும் இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். டியூபில் என் ரத்தத்தை நிரப்பியது ஒரு நிமிஷப் புத்திகெட்டதனம். அந்த ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் தெரிந்தேதான் செய்தேன்.

மூன்று மாதம் கழித்து அவள் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தாள், நாட்டு வைத்தியரிடம் போனாள், முற்றிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிற நோய். அவள் பிழைக்கவில்லை. அடக்கத்துக்குப் போனேன். மூர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கார்டுல பாதுகாப்புன்னு போட்டிருந்துச்சே சார், அப்புறம் எப்டி சார் வந்துச்சு?" என்று கேட்டான். "சில பேருக்கு அப்படி ஆகும்" என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டான். படித்தவன் சொல்கிறேன் அல்லவா.

மறுநாள் காலை டியூட்டிக்குப் போனேன். கேட்டிலிருந்து வருகிற வருகைப் பட்டியலைத் திறந்தேன். துப்புரவு, மெடிக்கல் சென்டர், அஞ்சலை, முதல் ஷிப்ட், உள்ளே வந்த நேரம் எல்லாம் இருந்தது. முந்தைய நாள்தான் அவள்மேல் மண் போட்டுவிட்டு வந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். காரிடார் கடைசியில் அஞ்சலை போடுகிற அதே நீலக் கோட்டு, குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தது. என்னையும் அறியாமல் "அஞ்சலை" என்று கூப்பிட்டேன். "இன்னா சார்?" என்று திரும்பினாள். வேறு முகம். பட்டியல் என் கையிலிருந்து கீழே விழுந்தது. அவளே வந்து எடுத்துக் கொடுத்தாள்.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, "புது பாஸ் வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆவும் சார். அதுவரைக்கும் இந்தம்மாதான் அஞ்சலை" என்றான். கான்ட்ராக்டில் இது வழக்கம்தான். ஆள் போனாலும் பாஸ் போகாது, அடுத்த ஆள் கழுத்தில் ஏறும். அந்தப் பெண்ணிடம் உன் பெயர் என்ன என்று கேட்டால், "பாஸ்ல இன்னா பேரோ அதான் சார்" என்றாள். பாஸ் உறைக்குள் அஞ்சலையின் கார்டு அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்து வந்து இடது கட்டைவிரலை நீட்டினாள். "இது குத்திக்கினே கீது சார், இந்த பாஸைப் போட்ட நாள்லேர்ந்து. முள்ளு ஏதாச்சும் கீதா பாருங்க." லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு மாதம் என்றது முடியவே இல்லை. வருடாந்திரச் சோதனை வந்தது. இந்த முறை ஒழுங்காக அவள் கையிலேயே ரத்தம் எடுத்தேன். அவளுக்கு நாங்கள் ஒரு ஊசியும் போடவில்லை, வெளியிலும் போட்டுக்கொண்டதில்லை என்றாள். ஒன்றுமில்லை என்று வரும், அதைக் காட்டி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ரிப்போர்ட் வந்தது. அஞ்சலை என்ற வரிக்கு நேராக அதே எண், அதே புள்ளி. அதற்கு மேல் வரியில் என் பெயர். அதற்கு நேராக ஒன்றுமில்லை. அவள் தாளைப் பார்த்துவிட்டு, "எனக்கு இவ்ளோ இருக்குதா சார்? உங்களுக்கு ஒண்ணுமே இல்லியே!" என்று பரிதாபப்பட்டாள்.

லேப்காரன் சோம்பேறித்தனமாகப் பழைய எண்ணையே அடித்து அனுப்பியிருக்கலாம். நான் ஏமாற்றியதுபோல அவனும் ஏமாற்றியிருக்கலாம். வருஷம் போகப் போக ஆன்டிபாடி குறைவதும் சாதாரணம்தான். நானே பல பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். அப்படிக் குறைந்தால் இன்னொரு ஊசி போட்டதும் ரத்தம் பழசை ஞாபகப்படுத்திக்கொண்டு எண் ஏறிவிடும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். போட்டுக்கொண்டேன். ஏறவில்லை. மூன்றும் போட்டுக்கொண்டேன். அப்போதும் இல்லை. வேறு லேபில் சோதித்தேன், அங்கேயும் இல்லை. டாக்டர், "விசித்திரமா இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். விஷயம் தெரியாமலே உங்கம்மா வல்லக்கோட்டைக்குக் கூட்டிப்போய் விளக்குப் போட வைத்தாள். நான் வேண்டிக்கொள்ள வாயெடுத்தால் அஞ்சலையின் குரலில்தான் முருகா என்று காதில் கேட்டது. பகல் வெளிச்சத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில். எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் பயம்தான்.

நேற்று உனக்குச் சுலபமாகப் பதில் சொல்லியிருக்கலாம். என் ரத்தத்திலும் ஒன்றுமில்லையடா, எடுத்தாலும் பிரயோஜனமில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அது உண்மையும்கூட. ஆனால் அப்படிச் சொன்னால் நீ உன் சினேகிதன் எவனாவது ஒருவன் கையை நீட்டச் சொல்லுவாய். அவன் ரத்தம் உன் பெயரைச் சுமந்துகொண்டு போகும். நீ அந்தக் காகிதத்தை நம்ப மாட்டாய், ஆனால் உன் வார்டில் எல்லோரும் நம்புவார்கள். என்றைக்காவது உன் விரலில் ஊசி குத்தும். நம் தொழிலில் குத்தாமல் போவதில்லை. அப்போது நீ வாயைத் திறந்தால் வேலை போகும், மூடினால் உயிர் போகலாம். அந்த ஒரு நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அஞ்சலைக்காவது தெரியாது, என்னை நம்பிப் போய் டீ குடித்தாள். நீ எல்லாம் தெரிந்தே ஒவ்வொரு மணியையும் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அதனால் என் கையிலிருந்து ஒரு சொட்டும் உன் பெயரில் போகாது. இரண்டு முறை போட்டும் எதிர்ப்பு வராதவன் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி ஏஜென்சிக்கு அனுப்பு. உன்னைப்போல ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், அவர்களும் வேலை பார்க்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் போ. ஏற்றுக்கொள்ளாவிட்டால் இங்கேயே இரு, ஒன்றும் குடி முழுகிவிடாது. எங்கே இருந்தாலும் வேலையில் சேர்கிற முதல் நாளே பக்கத்தில் இருப்பவர்களிடம், எனக்குப் பாதுகாப்பு இல்லை, ஊசி குத்தினால் என்னை உடனே அனுப்புங்கள் என்று சொல்லிவிடு. கேவலம் ஒன்றுமில்லை. அஞ்சலை இதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். சொல்ல முடியாதபடி செய்தவன் நான். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. எழுதாமல் இருந்த வருடங்களில் வரவில்லை.

அந்த பாஸில் இப்போது மூன்றாவது பெண். நேற்று உன் போனை வைத்தபின் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பாஸைப் பார்க்காமல் உன் சொந்தப் பெயரைச் சொல் என்று கேட்டேன். வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, "சகுந்தலா சார்" என்று மெதுவாகச் சொன்னாள். கட்டைவிரலை வருடிக்கொண்டே இருந்தாள். அந்தக் கார்டு உனக்கானது இல்லை, உனக்கு இன்னும் ஒரு பாதுகாப்பும் இல்லை என்று சொல்லி, சகுந்தலா என்ற பெயரில் முதல் ஊசியைப் போட்டேன். டாக்டருக்கும் கம்பெனிக்கும் நடந்ததை எழுதி நாளைக் காலையில் கொடுக்கிறேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். உங்கம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன், நீ முந்திக்கொள்ளாதே.

ஞாயிற்றுக்கிழமை படப்பையில் இறங்கி மூர்த்தி வீட்டுக்குப் போகிறேன். அவன் அன்று கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்ல வேண்டும். அடிப்பானோ, அழுவானோ, ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவானோ தெரியாது. எதுவானாலும் சரி. உனக்குச் சொல்லக் கஷ்டமான ஒரு வார்த்தை இருக்கிறது, எனக்கும் ஒன்று இருக்கிறது. அப்பன் முதலில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அப்புறம் நீ சொல்.

உன் அப்பா